தாழக் கட்டிய கூடுகள்

எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் பாதி ஏறிவிட்டது என்று சேதி வந்தால் நான் திண்டிவனத்தில் இருக்கமாட்டேன். இது உங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வேப்பமரத்தடியில் நம் வயசுப் பெண்கள் உட்கார்ந்து முட்டிவலிக்கு எந்தத் தைலம் தேவலை என்று பேசும்போது, ஐப்பசி கார்த்திகையில் என் இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். "மழைக்கு எல்லாரும் மேட்டுக்குப் போவாங்க, இவ ஒருத்திதான் பள்ளத்துக்குப் போறா" என்று நீங்கள் சிரிப்பதும் என் காதுக்கு வந்திருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. மாத்திரை டப்பா, ஜெபமாலை, ஒரு ஸ்வெட்டர், கக்கத்தில் சுருட்டிய பாய் என்று மயிலம் பஸ்ஸில் ஏறுகிற கிழவியைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

அந்தப் பாயைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேலி செய்கிறீர்கள். நான் போகிற வீட்டில் கட்டில் இருக்கிறது, மெத்தைகூட இருக்கிறது. இருந்தும் பாயோடுதான் போகிறேன். ஏன் என்று நீங்கள் யாரும் நேராகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. வெளியே தூறிக்கொண்டிருக்கிறது, எனக்கும் வேறு வேலை இல்லை.

எங்கள் ஊர் ஏரியை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பெரிய ஏரி. கரைமேல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் காலையில் குடித்த கேப்பைக் கூழ் முழுக்கக் கரைந்து மறுபடி பசிக்கும். அந்தக் கரையும் மதகும் எங்கள் பக்கம். மதகைத் திறந்தால் தண்ணீர் எங்கள் நெல் வயல்களுக்குப் போகும். எதிர்ப்பக்கத்தில் கரை கிடையாது. தரை மெதுவாக மேடேறிக்கொண்டே போகும், தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு ஏரியின் எல்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் நீர்ப்பக்கம் என்போம். அங்கேயும் ஒரு சின்னக் குடியிருப்பு. இரண்டு பக்கத்திலும் நம்மைப்போல மாதா கோயில் வேதக்காரர்களும் இந்துக்களும் கலந்துதான் இருந்தோம். ஆனால் பிழைப்பு வேறு. எங்களுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும். அவர்களுக்குத் தண்ணீர் வற்றவேண்டும். மாசி பங்குனியில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அந்தச் சேற்றில் தர்பூசணி விதையும் வெள்ளரி விதையும் ஊன்றிப் பிழைக்கிறவர்கள் அவர்கள்.

கரையின் ஒரு கோடியில் கல்லால் கட்டிய தாழ்வான சுவர் ஒன்று உண்டு. அதுதான் கலங்கல். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து ஓடிவிடும். "ஏரி கோடி போவுது" என்று யாராவது கத்தினால் பள்ளிக்கூடமே காலியாகும். எங்கள் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார், பக்கத்திலேயே இந்துக்கள் சூடம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள், பிள்ளைகள் நாங்கள் வழிகிற தண்ணீரில் கெண்டை பிடிக்கிறோம் என்று பாவாடையை நனைத்துக்கொண்டு வீட்டில் உதை வாங்குவோம்.

என் அத்தை, அதாவது அப்பாவுக்கு ஒரே தங்கை, நீர்ப்பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா சின்ன வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள். என்னைவிட எட்டு ஒன்பது வயசு மூத்தவள், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அத்தையும் அண்ணியுமாகத்தான் அந்தச் சேற்றுக் கொல்லையில் பாடுபட்டார்கள். விதைகளை ஒரு சுரைக்குடுக்கையில் போட்டு, வாயில் சாம்பலை அடைத்து, அடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருப்பாள் அத்தை. அதை ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். தொட்டால் திட்டுவாள். எனக்கு அதைத் தொடாமல் இருக்கமுடியாது.

காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரைமேல் ஏறி நின்றால் தண்ணீருக்கு அந்தாண்டை அத்தை வீட்டுப் புகை தெரியும். அப்பா வேப்பங்குச்சியை மென்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். புகை எழும்பியதும், "தங்கச்சி அடுப்பு பத்த வெச்சிட்டா" என்று சொல்லிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பார். மழைநாளில் புகை தெரியத் தாமதமானால் அன்றைக்கு அவருக்குக் காப்பி ஆறிப்போகும்.

அண்ணனும் தங்கையும் கோயிலில்தான் சண்டை போடுவார்கள். பூசை முடிந்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

"அண்ணா, போதும்னு வேண்டிக்கோ. என் கொல்ல இன்னும் முழுவிக்கினு கீது."

"நீ வேண்டிக்கறத நிறுத்து மொதல்ல. உன்னாலதான் மேகம் மயிலத்தோட திரும்பிக்கினு போவுது."

"ரெண்டு பேர் மனுவையும் ஒரே நேரத்துல கேட்டுக்கினு சர்வேசுரன் பாவம், பேஜாராயிட்டிருப்பார்" என்று சாமியார் சொல்வார். எல்லோரும் சிரிப்போம். அத்தை மடியிலிருந்து அவித்த மல்லாட்டைக் கடலையை எடுத்து எனக்குக் கொடுப்பாள். அவ்வளவு நெருக்கமானவர்கள் அவர்கள் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பறவைகள். ஏரியின் நடுவில் தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்கும். மழை தொடங்கி ஏரி நிறைகிற சமயத்தில் கொக்கு, வக்கா, நீர்க்காக்கா, நத்தை பொறுக்கித் தின்கிற நாரை என்று எங்கிருந்தோ வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். மரம் முழுக்க எச்சத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். காற்று எங்கள் பக்கம் அடித்தால் சாணமும் மீனும் கலந்த ஒரு நெடி வீட்டுக்குள் வரும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பதால் யாரும் மூக்கைப் பிடிக்கமாட்டார்கள்.

அப்பாவுக்கு அந்தக் கூடுகளைப் பார்த்து மழை சொல்கிற பழக்கம் இருந்தது. உயரக் கட்டினால் பெருமழை, தாழக் கட்டினால் மழை குறைவு. எப்படிக் கட்டினாலும் கூட்டுக்கு மேல் தண்ணீர் ஏறாது. இதுதான் கணக்கு. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும், ஆனால் அப்பா சொன்னால்தான் நம்புவார்கள். "கொக்கு ஜோசியர் இன்னா சொல்றாரு?" என்று கேலியாகக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன பிறகுதான் நாற்று விடுவார்கள். வருஷா வருஷம் அவர் சொன்னது பலித்துக்கொண்டும் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

நான் சொல்லவந்த வருஷத்துக்கு முந்தைய இரண்டு போகமும் எங்களுக்குச் சரியில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஏரி வற்றிப்போய், நெல்லெல்லாம் பதராகிவிட்டது. அந்த வருஷம் தை மாசத்தில் அண்ணிக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கெடார் பக்கம். வேலை எதுவானாலும் மாமியாரோடேயே இருந்து செய்துகொள்கிறேன் என்று ஒத்துக்கொண்ட நல்ல பையன். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தான் எல்லாம். சீர்வரிசையில் ஒரு குறை வைக்கக்கூடாது என்று அப்பா தவித்தார். அதற்கு நெல் வீடு வந்து சேரவேண்டும். நெல் வருவதற்குத் தண்ணீர் நிற்கவேண்டும்.

ஒரு நாள் காலையில் அப்பா லாரி டியூபில் காற்றடித்து என்னையும் அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு கருவேல மரங்களுக்குப் போனார். பிள்ளையாக இருந்தபோது எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் அது. டியூப் ரப்பர் தொடையில் சுட்டது. தலைக்கு மேலே பறவைகள் போட்ட இரைச்சலில் அப்பா பேசுவது கேட்கவில்லை. ஒரு கொக்குக் கூட்டை எட்டிப் பார்த்தேன். வெளிறிய நீலத்தில் முட்டைகள். தண்ணீரிலிருந்து கூட்டுக்கு அப்பா தன் முழங்கையை வைத்துப் பார்த்தார். அடுத்த மரத்திலும் வைத்துப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"எல்லாம் தாழக் கட்டிக்கினு கீது. மழை இனிமே அவ்ளோதான்" என்றார்.

அன்றைக்கே கலங்கலில் கூட்டம் கூடிவிட்டது. இருக்கிற தண்ணீர் கடைசிவரை போதாது, இனி மழையும் இல்லை என்றால் ஒரு சொட்டுகூட வழிந்து வீணாகக்கூடாது. கலங்கல் சுவருக்கு மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு முழம் உயர்த்திவிட்டால், வருகிற கொஞ்சநஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இந்த யோசனையை முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா சரி என்றதும் எல்லோரும் சரி என்றார்கள். ஒருவர் மட்டும், "நீர்ப்பக்கத்து ஆளுங்க கொடிசைக்குத் தண்ணி போயிடாதா?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி வூடே அங்கதான் கீது. அதுக்கு ஆவாதுன்னா நான் சொல்லமாட்டனா?" என்றார் அப்பா.

அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. பெண்கள் உரச்சாக்குகளை அலசித் தைத்தார்கள், ஆண்கள் மணல் அள்ளினார்கள். அன்றைக்கு ஊரே திருவிழா மாதிரி இருந்தது. ஒருத்தர் வீட்டு மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொண்டுவந்தார்கள். மூட்டைகள் வரிசையாக ஏறுவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சேதி தண்ணீரைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம்? மறுநாளே அத்தை வந்துவிட்டாள். ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தாள். பின்னால் அண்ணி தலையில் பச்சை டிரங்குப் பெட்டி. மூடியில் இரண்டு கிளிகள் வரைந்த பெட்டி அது. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவை, ரெண்டு பித்தளைக் குடம், மாமாவின் ஜெபப்புத்தகம் எல்லாம் அதற்குள் இருந்தன.

"கலங்கல்ல மூட்ட அடுக்கிக்கினு கீறீங்களாமே அண்ணா?"

"ஆமா. ஒரு முழம்தான்."

"உங்க பக்கம் அது ஒரு முழம். எங்க பக்கம் தண்ணி நின்னுக்கினா வரும்? படுத்துக்கினு வரும். ஒரு முழத்துக்கு எவ்ளோ தூரம் ஓடியாரும்னு உனக்குத் தெரியாதா?"

"கூட்டப் பாத்துட்டுதான் சொல்றேன். உன் வாசப்படி கூட்டுக்கு மேல கீது. கூட்டுக்கு மேல தண்ணி ஏறாது. என்னிக்காச்சும் ஏறிக்கீதா, சொல்லு."

அத்தை அண்ணி தலையிலிருந்த பெட்டியைத் தொட்டாள். பிறகு தணிந்த குரலில், "சரி, ஏறாது. இருந்தாலும் பொட்டி மட்டும் இங்க இருக்கட்டும் அண்ணா. மழை உட்டதும் வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

அண்ணி பெட்டியை இறக்கப்போனாள். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"இந்தப் பொட்டிய இங்க எறக்கினா ஊரு இன்னா சொல்லும்? அவன் தங்கச்சியே அவன் பேச்ச நம்பாம சாமானத் தூக்கிக்கினு வந்துட்டான்னு சொல்லும். அப்பால எவன் என்ன நம்புவான்? மூட்டையப் பிரிச்சிப் போட்டுட்டுப் போயிக்கினே இருப்பாங்க. யாருக்காவ இதெல்லாம் பண்றேன்? உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான பண்றேன்?"

"வெச்சிட்டுத்தான் போவட்டுமே. ஒரு பொட்டிக்கு இன்னா இப்ப?" என்றாள் அம்மா. அப்பா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அம்மா உள்ளே போய்விட்டாள்.

அத்தை அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ சொன்னா சரி அண்ணா" என்றாள். காப்பிகூடக் குடிக்காமல் பெட்டியோடு திரும்பிப் போனார்கள். கரைமேல் அந்தப் பச்சைப் பெட்டி சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு அப்பாமேல் ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு அந்தப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் அவர் மனசுக்குள்ளேயே ஒரு சந்தேகம் வந்திருக்கும். சந்தேகம் வந்துவிடக்கூடாது என்றுதான் அவர் அப்படிக் கத்தினார் என்று இப்போது புரிகிறது.

கூடுகளில் முட்டை பொரிந்த பிறகு கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது. மழை என்றால் அப்படி ஒரு மழை. எங்கள் வீட்டு ஓட்டில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற ஆயக்கட்டுக்காரர்கள் குஷியாகிவிட்டார்கள். ஜோசியர் கணக்கு தப்பிவிட்டது, வந்ததை விடக்கூடாது என்று மூட்டைமேல் இன்னொரு வரிசையும் அடுக்கினார்கள். அப்பா அப்போது வீட்டில்தான் இருந்தார். யாரோ வந்து சொன்னபோது தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா, எனக்கு விளங்கவில்லை.

மழை சற்று விட்ட காலையில் அப்பா கரைமேல் ஏறினார். நானும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனேன். ஏரி கலங்கிச் செம்மண் நிறத்தில் அலையடித்தது. கருவேல மரங்களின் தலைதான் தெரிந்தது. எப்போதும் கேட்கிற இரைச்சல் இல்லை, பறவைகள் மேலே சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தில் புகை இல்லை. அப்பா வாயில் குச்சியை வைத்தபடியே நின்றார், மெல்லவில்லை. நான், "அத்த இன்னும் எழுந்துக்கலியா?" என்று கேட்டேன். அவர் குச்சியைத் துப்பிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கலங்கலுக்கு நடந்தார்.

அங்கே ஏற்கெனவே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"பிரிச்சிடலாம்" என்றார் அப்பா.

"இன்னாத்துக்கு?"

"என் தங்கச்சி வூடு..."

"உன் தங்கச்சி வூடு மேல கீதுன்னு நீதானே சொன்ன? நீ சொல்லித்தானே வெச்சோம்? இப்ப பிரிச்சா இவ்ளோ தண்ணியும் ஜல்தியா கடலுக்குப் பூடும். ரெண்டு வருசமா துன்றதுக்கு இல்லாம கெடந்தோமே, மறந்துட்டியா?"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டிலும் குதிர் காலியாகத்தான் இருந்தது. அப்பா கடப்பாரையைப் பிடித்தபடி நின்றார். அவர் சொன்ன வார்த்தையே அவருக்கு எதிரே வந்து நின்றுகொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டுப் போக அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கரைமேல் அத்தை வருவதைப் பார்த்தோம். இடுப்புவரை சேறு. தலையில் கூடை. பின்னால் அண்ணி மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளிடம் வேறு எதுவும் இல்லை. உயிரோடு இருக்கிறார்களே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அப்பா முன்னால் வந்து கூடையை இறக்கி வைத்தாள்.

கூடை நிறையக் குஞ்சுகள். இறகு சரியாக முளைக்காத, கழுத்து மட்டும் நீண்ட கொக்குக் குஞ்சுகளும் நீர்க்காக்காக் குஞ்சுகளும். நனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, செத்துக் கிடந்தன. தண்ணீர் அவற்றை அத்தை வாசல்வரை கொண்டுவந்து ஒதுக்கியிருக்கிறது.

"அண்ணா, நீ சாட்சிக்குக் கூப்ட்டியே, அதுங்கள இட்டுக்கினு வந்துக்கீறேன். கேளு" என்றாள்.

அப்பாதான் ஒரு வார்த்தை கேட்டார்.

"வூடு?"

"வூடு இல்ல."

குவியலுக்கு அடியில் ஒரு குஞ்சு மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. அது எப்படியோ தலையை வெளியே நீட்டி, குனிந்து நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்து இரைக்கு வாயைத் திறந்தது. தாய் தகப்பன் என்று நினைத்ததோ என்னவோ. அதைப் பார்த்துத்தான் அப்பா அசைந்தார். கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கலங்கலில் இறங்கி வெறுங்கையால் மூட்டைகளைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. ஆயக்கட்டுக்காரர்களில் ரெண்டு பேர் தாங்களும் இறங்கினார்கள். மூட்டைகள் சரிந்து தண்ணீர் பாய்ந்தபோது அது அப்பாவைக் கல்லில் அடித்துப் போட்டது. சாகும்வரைக்கும் அவர் வலது காலை இழுத்துத்தான் நடந்தார். ஏரி இறங்கியது. ஆனால் மண்சுவர் கரைந்த வீடு கரைந்ததுதான். பெட்டியும் சுரைக்குடுக்கையும் தண்ணீரோடு போய்விட்டன.

கொக்குகள் பொய் சொல்லவில்லை என்று நான் பெரியவளான பிறகுதான் யோசித்தேன். கருவேல மரத்தில் ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் நின்ற கறை இருக்கும். எவ்வளவு மழை பெய்தாலும், கலங்கல் அதே உயரத்தில் இருக்கிறவரைக்கும் அந்தக் கறைக்கு மேல் தண்ணீர் ஏறாது. பறவை அதைப் பார்த்துத்தான் கூடு கட்டியிருக்கவேண்டும். அப்பா அந்தக் கூட்டை நம்பிக் கலங்கலையே உயர்த்திவிட்டார். மனுஷன் மூட்டை அடுக்குவான் என்று கொக்குக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் போகாதவரானாலும் என் அப்பாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிய விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தண்ணீர் வடியும்வரை கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கி, பிறகு அதே மேட்டில் கொஞ்சம் தள்ளிக் குடிசை போட்டுக்கொண்டாள். அந்த வருஷம் எங்கள் பக்கம் அமோக விளைச்சல். அதுதான் கொடுமை. கோயிலில் அண்ணி கல்யாணத்துக்கு ஓலை வாசித்தார்கள். "இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்" என்று சாமியார் படிக்கும்போதெல்லாம் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று அண்ணி கட்டியிருந்தது அம்மாவின் கல்யாணப் பட்டு. அம்மா எப்போது கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று எங்களுக்கே தெரியாது. அப்பா தாய்மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். அத்தை தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், அவரை முன்வரிசையில் உட்காரவைத்தாள், பந்தியில் இலை போட்டாள். ஊர் பார்க்க ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்திரையில் தண்ணீர் வற்றியபோது பச்சைப் பெட்டி சேற்றில் கிடைத்தது. உள்ளே புடவையும் புத்தகமும் மக்கி, குடம் கறுத்துப்போய்விட்டது, கிளிகள் மட்டும் அப்படியே இருந்தன என்று அண்ணி சொல்வாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மறுபடியும் ஏரி ஏறியது. போன வருஷ விளைச்சலின் ருசி யாருக்கும் மறக்கவில்லை. இந்தத் தடவை பார்த்துச் செய்யலாம், அரை முழம் போதும் என்று சாக்குத் தைக்க ஆரம்பித்தார்கள். அப்பாவைக் கேட்க வந்தார்கள். அவர் பரணிலிருந்து ஒரு பாயை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டே ஏரியைச் சுற்றிப் போனார். போகும்போது கலங்கலில் நின்றவர்களிடம், "நான் தங்கச்சி வூட்ல படுத்துக்கினு இருப்பேன். மூட்ட வெக்கறவங்க வெச்சிக்கோங்க" என்று மட்டும் சொன்னாராம்.

யாரும் வைக்கவில்லை. முந்தின வருஷம் தங்கை வீட்டைச் சாட்சிக்கு வைத்துப் பேசினார். இந்த வருஷம் தானே போய்ப் படுத்துக்கொண்டார். சொந்த ஊர்க்காரனை மூழ்கடிக்க யாருக்கு மனசு வரும்?

அப்போது இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. "உங்கப்பன் நம்ம மேல கோச்சிக்கினு பூட்டாரு" என்றாள் அம்மா. வயலைப் போட்டுவிட்டுப் போனவருக்குப் பைத்தியம் என்றார்கள் பக்கத்து வீட்டில். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏரி கோடி போய், தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் திரும்பி வந்தார். அதற்கடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்த வருஷமும்.

அங்கே நடந்ததை அண்ணிதான் பின்னால் சொன்னாள். அத்தை அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வேளா வேளைக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கிண்ணத்தில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் வாசல் கூரைக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பார். இப்படியே சில வருஷம். ஒரு சாயங்காலம் மழை வலுத்து அவர் பாயெல்லாம் நனைந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் நகரவில்லை. அத்தை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணா, பாய உள்ள போடு. சாரல் அடிக்குது" என்றாளாம்.

அதைச் சொல்லும்போது அண்ணி அழுவாள். நானும் அழுவேன். எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான்.

அப்பா போய்ச் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் அத்தையும் போனாள். அண்ணி இப்போது அதே மேட்டில் மாடி வீட்டில் இருக்கிறாள். சுவர் சிமென்ட்தான், ஆனால் வாசல் அதே உயரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் இன்னும் கூரை வீடுகள் இருக்கின்றன. கருவேல மரங்களில் பாதியை வெட்டிவிட்டார்கள். மிச்சத்தில் இப்போதும் கூடு கட்டுகின்றன, கேமரா தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். எங்கள் நிலத்தை என் தம்பி பார்க்கிறான். ஆயக்கட்டில் இப்போது அவன் பேச்சுக்குத்தான் மரியாதை. அப்பா போனதற்கப்புறம் ஒரு வருஷம் கலங்கலில் மூட்டை ஏறியது என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷம்தான் நான் முதல் தடவை பாயை எடுத்தேன்.

இந்த வருஷம் கூடு எவ்வளவு உயரத்தில் என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். இன்று மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, எங்க கீற? வூட்டுக்குப் போன் பண்ணா யாரும் எடுக்கல."

"அண்ணி வூட்ல."

அவனுக்குப் பின்னால் ஆட்கள் பேச்சும் டிராக்டர் சத்தமும் கேட்டது.

"எப்ப வந்த?"

"நேத்து."

"மழ இனிமே பெருசா இல்லன்னு போன்ல காட்டுது அக்கா. நீ ஏன் இந்த வயசுல..."

"காட்டட்டும். நான் இங்கதான்டா படுத்துக்கினு இருப்பேன். நீ உன் வேலயப் பாரு."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொன்னான். சன்னமாகத்தான் கேட்டது.

"வாணாம்பா. மூட்டைய எறக்கிடுங்க. அக்கா அங்க கீது."

போனை வைத்துவிட்டு வாசலில் பாயை விரித்தேன். எதிர்க்கரையில் எங்கள் ஊர் ஒரு கோடாகத் தெரிந்தது. தூறல் கனக்க ஆரம்பித்தது. அண்ணி உள்ளேயிருந்து வந்து, பாயின் ஒரு நுனியைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.